அப்பாவோட பைக்கும் ஒரு வாஷரும்

கேஷ் டேலி ஆகலைன்னா வித்தியாசம் எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடணும். பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டற எனக்குத் தெரிஞ்ச ஒரே மெக்கானிசம் இதுதாங்க :-)

அப்பா போனப்புறம் அவரோட பழைய 100 சிசி பைக்கை திருநெல்வேலியிலிருந்து ரயில் பார்சல்ல நாக்பூருக்குக் கொண்டு வந்தேன். போன மாசம் அடியில ஆயில் சொட்ட ஆரம்பிச்சுது. "இஞ்சின் கோல்னா படேகா சாப்"னார் மெக்கானிக். "பேசாம வித்துடுங்க"ன்னாங்க தங்கமணி. எனக்கு மனசு வரலை.

ஆயில் சொட்டற இடம் வேற, கசியற இடம் வேற. ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளிடும். அதனால ஆறின இஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, காயவிட்டு, டால்கம் பவுடர் தூவி, வெட்டவெளியில பத்து நிமிஷம் ஓடவிட்டேன். மேலே டேப்பட் மூடியெல்லாம் வெள்ளையாவே இருந்துச்சு. ட்ரெயின் போல்ட் ஓரம் மட்டும் கறுத்துது.

இளஞ்சூட்டுல ஆயிலை வடிச்சுட்டுப் பார்த்தா, அந்த போல்ட்டோட அலுமினிய வாஷர் தேய்ஞ்சு கோடு விழுந்திருந்துச்சு. புதுசு 10 ரூபாய்தான்! அது நசுங்கித்தான் கசிவை அடைக்கும். ஒவ்வொரு தடவை ஆயில் மாத்தும்போதும் புதுசு போடறது நல்லது. பலத்தைக் காட்டி இறுக்காதீங்க, அலுமினியக் கேஸோட மரை போயிடும். புது ஆயில் அளவு டிப்ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும். பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாம கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க.

அடுத்த ஆயில் சேஞ்ச் தன்னோட வேலைன்னு பையன் சொல்லிட்டான். தாத்தா வண்டியாச்சே. வாஷர் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்.