நாலாயிரம் ரூபாய்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாலுகா ஆபீசுக்கு அலைந்து அம்மா வாங்கிவந்த சான்றிதழில் 1,04,000 என்று இருந்தது. விண்ணப்பம் திரும்பிவந்துவிட்டது. "நாலாயிரத்துக்கா வேணாம்னுட்டாங்க?" என்று அம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் பதில் இல்லை.

பதினோரு வருடம் கழித்து அப்படியொரு கோடு போடும் வேலை எனக்கே வந்தது. வேறு ஊர், வேறு அறக்கட்டளை. மதிப்பெண் 85 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. எஸ்க்யூஎல்லில் நாலு வரி. ஓடவிட்டால் 37 பேர் வந்தார்கள், அதில் பெண்கள் 16. அவர்களுக்கு வேண்டியதோ 55 முதல் 60 பேர், பெண்கள் 30க்குக் குறையாமல்.

"மார்க்கைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க" என்றார் டீம் லீட். 80 ஆக்கினேன். 64 பேர், பெண்கள் 27. ஆள் கூடிப்போச்சு, பெண்கள் போதவில்லை.

எட்கர் காட் 1970இல் முன்வைத்த அட்டவணை முறையில் வளர்ந்தவை நம் தரவுத்தளங்கள். கேட்டதற்கு மட்டும் கறாராகப் பதில் சொல்லும். 'கொஞ்சம் தள்ளிக் கேட்டால் கிடைக்கும்' என்று தானாகச் சொல்லாது. அதைச் சொல்லவைப்பது தனி ஆய்வுத்துறை. பட்டியலில் பன்மைத்தன்மை இருக்கும்படி குவெரியைத் திருத்துவது பற்றி எச்.வி. ஜகதீஷ், ஜூலியா ஸ்டோயனோவிச் உள்ளிட்டோர் 2023இல் எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றும். ஐந்து நிபந்தனை, ஒவ்வொன்றையும் இருபது விதமாக மாற்றலாம் என்றால் 32 லட்சம் குவெரி. விடிந்துவிடும். ஆனால் ஒரு எளிய உண்மை கைகொடுக்கிறது: நிபந்தனையைத் தளர்த்தினால் ஆட்கள் கூடுவார்களே தவிர, யாரும் வெளியே போக மாட்டார்கள். ஆகவே ஓர் இடத்தில் பெண்கள் 30 தேறவில்லை என்றால், அதைவிட இறுக்கமான எதையும் பார்க்க வேண்டியதில்லை. 60ஐத் தாண்டிவிட்டால் அதைவிடத் தளர்வானதையும் விட்டுவிடலாம். பெரும்பகுதி அப்படியே கழிந்துபோகும். மீதியையும் ஒவ்வொரு முறை தரவுத்தளத்திடம் போய்க் கேட்காமல், ஒருமுறை எடுத்த தரவை வைத்தே எண்ணிக்கொள்ளலாம்.

என் நிரல் சில நொடிகளில் இரண்டு விடைகள் தந்தது. 83 சதவீதம், 1,10,000 ரூபாய். இன்னொன்று 81 சதவீதம், 1,03,000 ரூபாய். இரண்டிலும் கணக்கு சரி. எது 'மிகக் குறைந்த மாற்றம்'? ஒரு மதிப்பெண்ணும் ஆயிரம் ரூபாயும் சமமா? எதற்கு எவ்வளவு எடை என்று யாராவது முதலில் சொன்னால்தான் நிரலால் தேர்ந்தெடுக்க முடியும். அந்த எண்ணை நானே போட்டிருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். இரண்டாவது விடையில் 1,04,000 வெளியேதான் நிற்கும். அது தெரிந்தபிறகு நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் அப்படியே எழுதி அனுப்பினேன். அவர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 59 பேர், பெண்கள் 31.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ, அன்னைக்கும் அதை நகர்த்தியிருக்கலாமா?"

"நகர்த்தியிருக்கலாம்மா. யாரும் போட்டுப் பார்க்கல."