அப்பா செத்திட்டார் எண்டு நிரூபிக்கவேணும்

டெப்ரா கிரானிக் இயக்கிய 'விண்டர்ஸ் போன்' (2010) படத்தில் ஜெனிஃபர் லோரன்ஸ்தான் ரீ. வயசு 17. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஓசார்க் மலைப்பக்கம் வீடு. போதைப்பொருள் காய்ச்சிப் பிடிபட்ட அப்பா, வீட்டையும் காணியையும் பிணைக்கு வைத்து வெளியில வந்து, காணாமல் போயிட்டார். வழக்குக்கு வராட்டி வீடு போயிடும். அம்மாவுக்கு மனநலம் சரியில்லை. சின்னத் தம்பியும் தங்கச்சியும் இவளின்ர பொறுப்பு.

படத்தைக் கையில் ஏந்தி, பிள்ளையை உயிரோட தாங்கோ எண்டு கேட்கிற அம்மாக்களைப் பார்த்து வளந்தவை நாங்கள். ரீக்கோ, அப்பா செத்திட்டார் எண்டு நிரூபித்தால்தான் வீடு மிஞ்சும். அழக்கூட நேரமில்லை. உண்மை தெரிந்த சொந்தக்காரரே வாய் திறக்கினமில்லை, கேட்கப்போனவளை அடிக்கினம்.

அந்த அடியை விட எனக்கு நெஞ்சுக்குள்ள நிண்டது வேறொரு இடம். தம்பிக்கும் தங்கச்சிக்கும் துவக்குப் பிடிக்கவும், அணிலை உரிச்சுச் சமைக்கவும் அவள் பழக்கிறாள். நாளைக்குத் தானும் இல்லாமல் போனால் எண்ட பயம் அதுக்குள்ள இருக்கெண்டு பட்டுது. அதுக்குப் பிறகு, அப்பாவுக்கு என்ன நடந்தது எண்டதை மறந்து, இந்த மூண்டு பிள்ளையளும் ஒரே கூரைக்குக் கீழ மிஞ்சுவினமோ எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தன்.