அம்மம்மாவை மேற்கோள் காட்ட ஏலாது

தமிழ் விக்கிப்பீடியாவில் டெக்கிரஞ்ச் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தோம். 2005இல் மைக்கேல் ஆரிங்டன் தொடங்கிய தொழில்நுட்பச் செய்தித்தளம். 2010இல் ஏஓஎல் வாங்கியது, 2025இல் ரீஜெண்ட் கைக்குப் போனது. எந்த வரிக்குச் சான்று தேடினாலும் கனக்கச் செய்திகள் கிடைக்குது.

மறுகா கல்குடாவைப் பற்றி எழுத வந்தோம். 2004 சுனாமிக்கு முந்தின கரை எங்கட அம்மம்மாமாருக்குத் தெரியும். ஆனால் ‘அம்மம்மா சொன்னா’ எண்டு அடிக்குறிப்புப் போட ஏலாது. அந்த விதி பிழையில்லை; அது இல்லாட்டி ஆரும் எதையும் எழுதிப்போட்டுப் போகலாம். எங்கட ஊரைப் பற்றி அச்சில் வந்ததுதான் குறைவு.

ஆகவே முதல் வேலை விக்கிப்பீடியாவுக்கு வெளியே இருக்கு. ஆக்களிட்டக் கேட்டு, திகதியோடு எழுதி, ஒரு சின்னப் புத்தகமாவது பதிப்பிக்கவேணும். நூலகம் திட்டம் 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்குது. அங்க கல்குடாவும் போகட்டும். சான்று பிறகு தானாக வரும்.