மார்கழிப் பசை

மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். நேராகக் கொதிநீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. கரைத்ததைச் சின்னத் தீயில் வைத்துக் கைவிடாமல் கிண்டினால் மாவின் வெள்ளை மெல்ல மங்கி மினுங்கத் தொடங்கும். அந்தப் பதத்தில் இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்க வேண்டும். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கத்தான் அது. விஷம் என்பதால் அந்தப் பொட்டலம் பரண்மேல் இருக்கும், சித்தி தவிர யாரும் தொடக்கூடாது. எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில், மார்கழி பாதி போனதும், சமையலுக்கு ஆகாத அலுமினியக் குண்டானில் எங்கள் வீட்டில் இந்தப் பசை காயும். பொங்கல் வாழ்த்து அட்டை செய்வதற்காக.

கடையில் அட்டை கிடைக்காமல் இல்லை. சண்முகம் சாலையில் அந்த நாட்களில் நடைபாதை முழுக்க வாழ்த்து அட்டைகள்தாம்: கரும்பும் பானையும், ஜல்லிக்கட்டுக் காளை, நடிகர் படம், ஜிகினாத் தூள் மின்னும் சூரியன். அவற்றையும் வாங்குவோம். தாத்தா, அத்தை, மாமா என்று நெருங்கிய உறவுக்கு மட்டும் கையால் செய்தது போக வேண்டும் என்பது சித்தியின் தீர்மானம். அதற்கான காகிதம் வாங்கத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போவோம். 1931-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் ரயில் அது. இறங்கிப் பாரிமுனைப் பக்கம் நடந்தால் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை அட்டையும் வண்ணக் காகிதமும் அடுக்கடுக்காக இருக்கும் தெரு. வெட்டி மிஞ்சிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், எங்களுக்கு அது போதும்.

எதற்கு எந்தப் பசை என்பதில் சித்திக்குத் தனிக் கணக்கு உண்டு. அட்டைமேல் துணியோ கெட்டிக் காகிதமோ ஒட்ட மைதாப் பசை. காய்ந்த பிறகும் அது விறைக்காது, மடித்தால் வளைந்துகொடுக்கும். ஜிகினாவுக்குக் கோந்து. ஈர்க்குச்சியில் கோந்தைத் தொட்டுக் கோலம் வரைந்து, அது காய்வதற்குள் தூளைத் தூவி, அட்டையைச் சாய்த்துத் தட்டினால் கோடு மட்டும் மின்னும். கோந்து நல்ல பளபளப்பு, ஆனால் காய்ந்தால் நொறுங்கும். ஆகவே மடிப்பு வரும் இடத்தில் அதை வைக்க விடமாட்டார். கடைப் பாட்டில் தீர்ந்துபோனால் கருவேலம் பிசினை இரவே ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டுவோம். வேப்பம் பிசினும் கரையும். கொல்லை முருங்கையில் பிசின் எவ்வளவோ வடியும், அது ஊறி உப்புமே தவிர ஒழுங்காகக் கரையாது.

மிகக் கடினமான வேலை அரசிலை. பல வாரம் தண்ணீரில் ஊறி, சதையெல்லாம் அழுகிப்போய், நரம்பு மட்டும் வலையாக நிற்கும் இலை. கெட்டிப் பசை வைத்தால் கண்களெல்லாம் அடைத்துக்கொண்டு இலை செத்துவிடும். எனவே கோந்தைத் தண்ணீராக இளக்கி, நடு நரம்பிலும் காம்பிலும் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். “ஜாஸ்தி வெக்காதடா, ஓரத்துல வழியும்” என்று சித்தி பக்கத்திலேயே நிற்பார். நெல்மணி, ஜவ்வரிசி, வைக்கோல் இவற்றுக்குத்தான் வெள்ளை ஃபெவிகால். கனமான பொருளை அதுபோலப் பிடிக்க எங்கள் வீட்டுப் பசை எதற்கும் வலு கிடையாது. பத்திரிகையில் வந்த வண்ணப் படத்தை ஒட்ட சைக்கிள் கடையிலிருந்து பஞ்சர் சொல்யூஷன் வரும். அதில் தண்ணீர் இல்லாததால் காகிதம் சுருங்காது, வழிந்ததை விரலால் உருட்டி எடுத்துவிடலாம். ஆனால் சில வருஷத்தில் பழுப்புக் கறை படத்தின்மேல் ஏறிவிடும்.

தண்ணீர் கலந்த பசை எதுவானாலும் காகித நார் ஊறி விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒட்டிய அட்டை வளைவதற்குக் காரணம் இதுதான். சித்தி பின்பக்கமும் ஒரு மெல்லிய தாளை ஒட்டிவிடுவார். இரண்டு பக்கமும் இழுத்தால் அட்டை நேராக நிற்கும். அதன்பின் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே தடித்த லிப்கோ அகராதி. மார்கழிப் பனியில் ராத்திரி எதுவும் காயாது. மறுநாள் வெயில் ஏறும் வரை அகராதியைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. பார்க்காமல் இருக்க முடியாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்று அந்தக் காத்திருப்புக்கு ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மைதாப் பசை எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. வித்யா தியேட்டர் போஸ்டர் ஒட்டுகிறவரின் சைக்கிள் ஹேண்டில்பாரில் அதே பசை வாளியில் தொங்கும். ஒட்டிவிட்டு அவர் போனதும் மாடு வந்து சுவரை நக்கும். ஆகஸ்ட் 15-க்கு முந்தைய இரவு தெருப் பையன்கள் சணலில் வரிசையாக ஒட்டிய வண்ணக்கொடிகளுக்கும் அதுதான். தச்சர்களின் பசை வேறு, வஜ்ஜிரம். தோல் தொழிற்சாலையில் கழிக்கும் துண்டுகளிலிருந்து காய்ச்சுவது. குரோம் லெதர் கம்பெனியை ஒட்டி வளர்ந்த குரோம்பேட்டையும் நாகல்கேணியும் பக்கத்திலேயே இருந்ததால், தோல் பதனிடும் வாடை எங்களுக்குப் புதிதல்ல. வஜ்ஜிரத்தை ஒவ்வொரு முறையும் நெருப்பில் உருக்கியாக வேண்டும். 1959-இல் பல்வந்த்ராய் பரேக்கின் ஃபெவிகால் வந்தபோது தச்சர்கள் அதற்கு மாறியதில் வியப்பில்லை. டப்பாவைத் திறந்தால் வேலை ஆரம்பம்.

பிறகு ஃபெவிகால் பள்ளிப் பைகளுக்குள்ளும் வந்தது. உதட்டுச்சாயக் குழாயைப் பார்த்து ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த பசைக்குச்சியின் வழித்தோன்றல்கள் இன்று தாம்பரத்தின் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கின்றன. குழந்தைகளுக்கு அது நல்லது. கை ஒட்டாது, காகிதம் சுருங்காது, விஷம் பற்றிய பயமும் இல்லை. காகிதக் கீற்றைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங் செய்கிறவர்களின் கைவேலையைப் பார்த்தும் நான் மனதார வியக்கிறேன்.

ஆனாலும் மைதா, கோந்து என்ற அந்தப் பழைய பசைகளிடம் ஒரு குணம் இருந்தது. ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டுவைத்தால் அவை பிடியை விட்டுவிடும். ஃபெவிகால் காய்ந்தபின் அப்படி எளிதில் விடாது. கல்யாணப் பத்திரிகையின் தங்கப் பிள்ளையாரையும் வந்த வாழ்த்திலிருந்த ஜரிகைக் கரையையும் நனைத்து உரித்து, அடுத்த வருஷ அட்டையில் ஏற்றுவோம். திருச்சி அத்தைக்கு நாங்கள் அனுப்பிய மயில் ஒன்று, இரண்டு பொங்கல் கழித்து அத்தை செய்த அட்டையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கே வந்தது. ஆவணக் காப்பாளர்கள் கிழிந்த பழைய தாளைச் செப்பனிட இன்றும் கோதுமை மாச்சத்துப் பசையை விரும்புவது இதனால்தான். நாளை வேறொருவர் அதைச் சேதமில்லாமல் பிரித்துவிடலாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்துவைத்தார். அவர் பெயரில் 1994-இல் அமைந்த நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. அச்சானதற்கு அப்படி ஒரு வீடு கிடைத்துவிட்டது. வீட்டில் செய்த வாழ்த்து அட்டைகளை அப்படி யார் தேடிச் சேர்ப்பார்கள்? சித்தி செய்தவற்றில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை, எல்லாமே தபாலில் போனவை. சேலையூரிலோ பல்லாவரத்திலோ பெருங்களத்தூரிலோ உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கையால் செய்த பழைய பொங்கல் வாழ்த்து ஏதாவது இருந்தால், தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பிய்ந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். ராமபாணப் பூச்சி அரிக்கிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். யார் செய்தது, யாருக்கு வந்தது என்று பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள்.