கரையில் நிற்பவர்கள்

அமெரிக்கப் புறநகர்களில் ஜூன், ஜூலை மாதச் சனிக்கிழமைக் காலைகள் பலவும் குடியிருப்புச் சிறார்களின் நீச்சல் போட்டிகளுக்கே உரியவை. வேற்றுக் குளத்துக்குப் போனால் மடக்கு நாற்காலியும் தொப்பியும் போதும். எங்கள் குளத்தில் நடந்தாலோ, தடக்கயிறு கட்டுவது முதல் குப்பை அள்ளுவது வரை பெற்றோர்களாகிய நாங்களே செய்யவேண்டும்.

தடத்துக்கு 3 பேர் ஸ்டாப்வாட்ச்சுடன் நிற்போம். மூன்றில் நடு நேரமே கணக்கு. கடிகாரம் கையிலிருக்க, அடுத்த தடத்தில் நீந்தும் எங்கள் பிள்ளையைப் பார்க்க இயலாது. "பாத்தீங்களாப்பா?" என்று கேட்டபடி மகள் கரையேறுவாள். பார்த்தவர்கள் எதிரணிப் பெற்றோர். அவள் நேரத்தைக் குறித்தவர்களும் அவர்களே.

மடுவில் பாய்ந்த இளமையை எண்ணி ஏங்கும் தொடித்தலை விழுத்தண்டினாரும் (புறநானூறு 243), அன்று கரையில் வியந்து நின்றவர்களை மறக்கவில்லை. அவர்கள் எவர் வீட்டாரோ! கடைசியாக வரும் குழந்தைக்கு இரு அணியும் எழுந்து கைதட்டுகையில், எங்களுக்கு அவர்கள் நினைவே வருகிறது.