ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியைக் கேளாத வீடு நம்மிடையே இல்லை. பிள்ளைகளைக் காலத்தே படிக்க வைப்பதற்காகச் சொல்லப்பட்ட இம்மொழி, நாளடைவில் பெரியவர்கள் படிக்காமலிருப்பதற்குரிய சாக்காகவும் ஆகிவிட்டது. வங்கிப் படிவத்தைத் தாமே நிரப்பச் சொன்னாலும், கைப்பேசியில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ளச் சொன்னாலும், "இந்த வயசுக்கு மேலே எனக்கெதுக்கு?" என்று ஒதுங்குவோர் பலர். ஒதுங்குவோர் ஒருபுறமிருக்க, ஒதுக்குவோரும் உண்டு. "உங்களுக்குப் புரியாது, கொண்டாங்க" என்று கையிலிருப்பதைப் பிடுங்கித் தாமே செய்து முடிக்கும் அன்பான பிள்ளைகளைத்தான் சொல்கிறோம்.

நாற்பத்தெட்டாம் வயதில், அலுவலக வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் இடையே, கற்பித்தல் வடிவமைப்பு என்னும் துறையில் தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டயப் படிப்பொன்றில் நாம் சேர்ந்தபோது இப்பழமொழியைப் பலர் வாயிலாகவும் கேட்டோம். அது என்ன துறை என்று கேட்டவர்களும் உண்டு. யார் கற்கப் போகிறார், எதற்காகக் கற்கிறார், இப்போது எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பவற்றை ஆராய்ந்து, அதற்கேற்பப் பாடத்தைப் படிப்படியாக அமைத்து, அவர் உண்மையிலேயே கற்றாரா என்று அளந்தறியும் முறையே அது. ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்னும் ஐந்து கட்டங்களைக் கொண்ட அதன் புகழ்பெற்ற திட்டம், 1975-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அந்நாட்டு இராணுவப் பயிற்சிக்காக வகுத்ததிலிருந்து வளர்ந்ததாகும்.

ஏட்டில் படித்த கோட்பாடுகளைக் கொண்டு, உண்மையான ஒரு மனிதருக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒன்றைக் கற்பித்து, அதன் விவரத்தை எழுதித்தர வேண்டும் என்பது எமக்கு இடப்பட்ட பணி. ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அறுபத்து மூன்று வயதான எங்கள் சாச்சி, அடுத்த தெருவிலேயே இருந்தார்.

சாச்சிக்குச் சர்க்கரை நோய். மாத்திரைகள் போதாமற்போக, காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்ளுமாறு டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுச் செவிலிப் பெண் நாள்தோறும் இருவேளையும் வந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திருமணம் நிச்சயமாகி, ஒரு மாதத்தில் வெளியூர் போகவிருந்தாள். சாச்சியின் மகன்மார் இருவரும் கடல் கடந்த நாட்டில். ஆகவே ஒன்று, சாச்சி தாமே இன்சுலின் பேனாவைக் கையாளக் கற்க வேண்டும். அன்றேல் இருவேளையும் பிறர் தயவை எதிர்பார்த்திருக்க வேண்டும். சாச்சி படித்தது மூன்றாம் வகுப்பு. "ஊசியைப் பார்த்தாலே கை நடுங்குது வாப்பா, இனிப் படிச்சு என்ன ஆகப் போவுது?" என்பதே அவர் சொன்ன முதல் சொல்.

அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் என்னும் அறிஞர், முதியோர் கற்கும் வகையை ஆராய்ந்து 1970-இல் நூலெழுதியவர். ஏன் கற்க வேண்டும் என்பது விளங்காமல் பெரியவர்கள் எதையும் கற்க முன்வருவதில்லை. தம் வாழ்வின் இடர் ஒன்றைத் தீர்ப்பதற்காகவே அவர்கள் கற்கின்றனர். அவர்களுடைய அனுபவமே அவர்களுக்குரிய முதற்பாடநூல் என்பது அவர் கருத்து. சிறுவர் கல்விக்கு இது நேர் எதிரானது என்று முதலில் எழுதியவர், 1980-இல் அந்நூலைத் திருத்தியபோது, இரண்டும் எதிரெதிரானவையல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒரே பாதையின் இரு முனைகள் என்று தம் நிலையை மாற்றிக்கொண்டார்.

எனவே பேனாவைத் தொடுவதற்கு முன், சாச்சியிடம் அவருடைய விருப்பத்தைக் கேட்டோம். "திருச்சியிலே மக வீட்டுலே நாலு நாள் தங்க முடியுதா? ஊசி போட ஆள் வேணுமே!" என்று பெருமூச்சு விட்டார். பாடத்தின் நோக்கம் அவர் வாயாலேயே கிடைத்துவிட்டது. 'இன்சுலின் செலுத்தும் முறையை அறிதல்' என்று எழுதாமல், 'மகள் வீட்டில் நான்கு நாள் யார் துணையுமின்றித் தங்குதல்' என்றே பாடக்குறிப்பின் தலையில் எழுதினோம்.

பேனாவோடு வந்த தாளில் படங்களும் எச்சரிக்கைகளும் நெருக்கமாக அச்சாகியிருந்தன. மனிதன் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதனை நான்களவாகக் குறைத்தார். புதிய செய்திகளை ஒருசேரக் கொட்டினால் மனச்சுமை மிகுந்து கற்றல் தடைப்படும் என்று ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் விளக்கி வந்தார். செவிலிப் பெண் செய்வதை உடனிருந்து பார்த்துச் செயல்களை எண்ணினோம், பன்னிரண்டு வந்தன. அவற்றை மும்மூன்றாக நான்கு கட்டாகக் கட்டினோம். தயார் செய்தல்: கை கழுவுதல், மருந்து ஒரே சீராக வெண்மையாகும்வரை பேனாவை உருட்டுதல், புது ஊசியைப் பொருத்துதல். சரிபார்த்தல்: இரண்டு யூனிட் திருகுதல், ஊசியை மேல்நோக்கிப் பிடித்தல், அழுத்தித் துளி வருகிறதா என்று பார்த்தல். போடுதல்: டாக்டர் சொன்ன அளவைத் திருகுதல், ஊசியைச் செலுத்துதல், அழுத்தியபடியே பத்து எண்ணுதல். எடுத்து வைத்தல்: ஊசியைக் கழற்றுதல், கெட்டியான டப்பாவில் போட்டு மூடுதல், பேனாவுக்கு மூடியிடுதல். நான்கு சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் ஏறின.

பழைய அறிவின்மேல் புதியதை ஏற்ற வேண்டும் என்பது, ராபர்ட் காக்னே 1965-இல் தொடங்கி வகுத்தளித்த கற்பித்தல் நெறிகளுள் ஒன்று. சாச்சி முப்பது ஆண்டுகள் தையல் இயந்திரம் மிதித்தவர். தையலின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் குமிழை அவர் கை அறியும். பேனாவின் பின்புறத் திருகியை அதனோடு ஒப்பிட்டோம். "ஓ, அது மாதிரியா!" என்றார். நடுக்கம் பாதி அங்கேயே அகன்றது.

இளமையிலேயே, 1934-இல், மறைந்த ருஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி, ஒருவர் தனியே செய்ய இயல்வதற்கும் துணையோடு செய்ய இயல்வதற்கும் இடையே ஒரு வெளி உண்டென்றும், கற்பித்தல் அவ்வெளியிலேயே நிகழ வேண்டும் என்றும் கூறினார். அவ்வெளியில் தரப்படும் தற்காலிகத் துணையை 1976-இல் புரூனர் முதலிய மூவர் 'சாரம்' என்று உருவகித்தனர். சாரம் என்றதும் இடுப்பில் உடுத்துவதை எண்ணிவிட வேண்டா. கொத்தனார் கட்டும் சாரம்! சுவர் எழும்பும்வரை அது நிற்கும், எழுந்தபின் அவிழ்க்கப்படும். டாக்டரின் ஒப்புதலோடு, முதலில் செவிலிப் பெண் செய்ய, சாச்சி பார்த்தார். பிறகு ஆரஞ்சுப் பழத்தில் சாச்சி குத்தினார். அதன்பின் அவள் கை மேலிருக்கச் சாச்சியே தமக்குப் போட்டுக்கொண்டார். பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதன்பின் நாற்காலியையும் தள்ளிப் போட்டுக்கொண்டாள். உதவுவதைவிட, உதவியை உரிய நேரத்தில் விலக்குவதே கடினமென்று அங்கே கண்டோம்.

ஸ்கின்னர் என்னும் உளவியலார் 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்வையிட்டபோது, சரியோ தவறோ என்று உடனே அறியாமல் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டேயிருப்பதைக் கண்டு, உடனுக்குடன் விடை காட்டும் கற்பித்தல் பொறியை அமைத்தார். எமக்குப் பொறி தேவைப்படவில்லை. ஊசிமுனையில் துளி தெரிந்தால் சரி. தெரியாவிடில் மீண்டும் செய்ய வேண்டும். பேனாவே ஆசிரியராக இருந்தது.

கற்றது நிலைக்க வேண்டுமே? ஜெர்மானியரான எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒருநாள் கழித்து மீண்டும் மனனம் செய்கையில், முதல் உழைப்பில் மூன்றிலொரு பங்கே அவருக்கு மிச்சமாயிற்று. மறதியைத் தடுக்கும் வழியை ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் தெளிவாக்கினர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, ஒருமுறை படித்துப் பன்முறை நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினர். முன்னவர்க்கு 40 விழுக்காடும், பின்னவர்க்கு 61 விழுக்காடும் நினைவிலிருந்தன.

இது நமக்குப் புதிதா? மதரஸாவில் ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகள் புதுப் பாடத்தோடு நில்லாமல், பழைய பாடங்களையும் உஸ்தாதிடம் நாள்தோறும் பாராமல் ஒப்புவிக்கின்றனரே! அந்த முறையையே கையாண்டோம். முதல்நாள், மறுநாள், நான்காம் நாள், எட்டாம் நாள் என இடைவெளி விட்டு, அட்டையைக் கவிழ்த்து வைத்துச் சாச்சியிடம் பாடம் கேட்டோம். "துளி வராவிட்டால்?" "வியர்த்து, கை கால் நடுங்கினால்?" என்று மாற்றியும் கேட்டோம். "ஒடனே சர்க்கரையை வாயிலே போட்டுட்டு, பிறகு ஆளைக் கூப்பிடணும்" என்று தயங்காமல் வந்தது விடை. நம் தேர்வுக்கும் இதே வழிதான்: புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்போம்.

கோட்பாடென்று வருபவை அனைத்தும் பொன்னல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று மாணவரை வகைபிரித்து, வகைக்கேற்பக் கற்பித்தால் நன்மை விளையும் என்னும் கருத்து பெரிதும் பரவியுள்ளது. 2008-இல் அறிஞர் நால்வர் அதற்குரிய சான்றுகளை ஆராய்ந்து, போதிய ஆதாரமில்லை என்று முடிவு கூறினர். 'எனக்குக் கேட்டால்தான் ஏறும், பார்த்தால் ஏறாது' என்று எவரும் தமக்குத் தாமே வேலி கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

செவிலிப் பெண் ஊருக்குப் புறப்பட்ட மறுநாள் காலை, சாச்சி வீட்டு முன்கூடத்தில் அமர்ந்திருந்தோம். அடுத்த அறையில் அவர் தனியே. எழுந்து போய்ப் பார்க்கத் துடித்த கால்களை அடக்கிக்கொள்வது எளிதாக இல்லை. சற்று நேரத்தில், ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் கேட்டது. பத்து வரை நிதானமாக எண்ணி முடித்து, டப்பாவை மூடும் ஓசையும் கேட்டது. வெளியே வந்தவர், "தையல் ஊசியைவிட இது சன்னம்தானே!" என்று சொல்லிவிட்டு, இட்லி எடுத்து வைக்கப் போய்விட்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்து சாச்சி திருச்சிக்குப் போனார். நான்கு நாளென்று சொல்லிப் போனவர், பதினோரு நாள் தங்கி வந்தார்.

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு சாச்சியோ, வாப்பாவோ, பெரியம்மாவோ ஏதேனும் ஒன்றைக் கற்கத் தயங்கி நிற்கக்கூடும். ஏன் வேண்டுமென்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாராமல் சொல்லச் சொல்லுங்கள். பின்னர்க் கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிச் செய்து கொடுப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கற்றுக்கொடுக்க இரண்டு வாரமாகலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை வாழ்நாளெல்லாம் நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

சாச்சி இப்போது எம்மிடம் கேட்டிருப்பது, திருச்சிக்கு ரயில் டிக்கெட்டைக் கைப்பேசியில் தாமே எடுப்பது எப்படி என்பது. பாடக்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறோம்.