கொல்லையில் கிடந்த ஓடம்

எங்க வீட்டுக் கொல்லையில ஒரு ஓடம் கவிழ்ந்து கிடந்தது. நான் ஸ்கூல் போக ஆரம்பிச்ச காலத்துலேருந்து பார்க்கிறேன். மேல வறட்டி காயும், அடியில கோழி முட்டை வைக்கும். கங்கைகொண்ட சோழபுரம்னு ஊர் பேரைச் சொன்னதும் ஹாஸ்டல்ல கேட்கிற முதல் கேள்வி, "ராஜேந்திர சோழன் கப்பல் விட்ட ஊரா மச்சி?" ஆமாடா, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதுல வறட்டி தட்டுறோம் என்பேன். 2025 மே மாசம் வரைக்கும் எனக்கு அது ஒரு ஜோக் மட்டும்தான்.

ஓடம் தாத்தாவோடது. மதனத்தூர் பக்கம் கொள்ளிடத்துல ஓட்டினார். கோடையில ஆத்து மணல்லயே நடந்து அக்கரைக்குப் போயிடலாம். தண்ணி வந்துட்டா தஞ்சாவூர் பக்கம் போக ஓடம்தான். மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் நடுவுல பாலம் வந்தது. தாத்தா ஒரு மாசம் பாலத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, டிராக்டர் டிரெய்லர்ல ஓடத்தை ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். அதுக்கப்புறம் ஓடத்தைப் பத்திப் பேசினதே இல்லை. ஆத்தைப் பத்திப் பேசுவார். 1836-ல் அணைக்கரையில கீழணை கட்டினப்போ எங்க கோயில் மதிலைப் பிரிச்சுக் கல்லை எடுத்துட்டுப் போனாங்க இல்லையா, அதைச் சொல்லி, "நம்ம கோயில் மதில் மேலதான்டா தண்ணி ஓடுது" என்பார். ஏதோ மதிலும் ஆறும் அவருக்குச் சொந்தம் மாதிரி.

மே மாசம் செமஸ்டர் முடிஞ்சு வந்திருந்தேன். அந்த வாரம்தான் கார்வார்ல கடற்படை 'கௌண்டின்யா' என்ற தையல் கப்பலைச் சேர்த்துக்கிட்டதா செய்தி. அஜந்தா ஓவியத்துல இருக்கிற அஞ்சாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, பலகைகளை ஆணியில்லாம தேங்காய்நார்க் கயிறால தைச்சுக் கட்டியது. மொபைல்ல அதைப் பார்த்துக்கிட்டே கொல்லைப் பக்கம் போனேன். ஓடத்து மேல அம்மா வறட்டி அடுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு என்னமோ பண்ணுச்சு.

அடுத்த நாள் ஆறு பசங்களைக் கூப்பிட்டுப் புரட்டிப் போட்டேன். பதினாறு அடி நீளம், பக்கத்துக்கு ஆறு பலகை. பலகை எல்லாம் இலுப்பை. எங்க வயல் வரப்புல நின்ன மரம், அப்பா பிறந்த வருஷம் வெட்டினதாம். உள்ளே வளைவு வளைவா இருக்கிற விலாக்கட்டைகள் கருவேலம். மரத்துலயே இயற்கையா வளைஞ்ச கிளையாப் பார்த்து வெட்டினது. பின்பக்கம் ஒரு மூலையைக் கரையான் தின்னிருந்தது. மத்தபடி மரம் கெட்டி. ஆனா பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. நாலு மில்லிமீட்டர், அஞ்சு மில்லிமீட்டர் இடைவெளி. மெக்கானிக்கல் மூணாவது வருஷப் பையன் கண்ணுக்கு அது என்ன? டிஃபெக்ட்.

தாத்தாவைக் கேட்டிருக்கலாம். அவர் திண்ணையிலதான் இருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு கண் சரியா வரலை, வெயில்ல வர மாட்டார். நான் கேட்டது யூடியூபை.

யூடியூப்ல பழைய மரப்படகைச் சரி பண்ற வீடியோ நூத்துக்கணக்குல இருக்கு, நான் பார்த்ததெல்லாம் ஐரோப்பாவோடது. அவங்க ஊர்ப் படகு 'கிளிங்கர்' வகை. ஓட்டு வீட்டுக் கூரையில ஓட்டு மேல ஓடு ஏறி நிக்கிற மாதிரி, மேல் பலகை கீழ்ப் பலகை மேல ஏறி நிக்கும். ரெண்டையும் சேர்த்துச் செம்பு ரிவெட் அடிப்பாங்க. வைக்கிங் காலத்துலேருந்து வர்ற முறை. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் அஞ்சு நாடும் சேர்ந்து கேட்டு 2021-ல் யுனெஸ்கோ பட்டியல்லயே ஏறிடுச்சு. நம்ம நாட்டுலயும் ஒடிசா கடற்கரையில 'பாட்டியா'ன்னு ஒரு படகு இருக்கு. அதுல தலைகீழ், மேல் பலகை உள்பக்கமா ஏறும். எங்க ஓடம் இந்த ரெண்டும் இல்லை. பலகை விளிம்பும் விளிம்பும் முட்டி நிக்கிற வகை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிஞ்சது. அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு தெரியலை.

நாலு கிலோ எபாக்சி புட்டி வாங்கினேன். ஒவ்வொரு இடுக்கையும் கத்தியால சுரண்டி, ஒரு காத்து போகாம அடைச்சேன். காய்ஞ்சதும் கல்லு. எமரி பேப்பர் போட்டு, நீலப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தது. ஸ்டேட்டஸ் போட்டேன். கிளாஸ்ல பாதி பேர் "எப்ப மச்சி கடாரம்?"னு கேட்டாங்க.

தாத்தா ஒரே ஒரு தடவை கொல்லைக்கு வந்து கையால தடவிப் பார்த்தார். "என்னடா வச்சு அடைச்ச?" சொன்னேன். "கெட்டியா இருக்கே" என்றார். பாராட்டுறார்னு நெனச்சுக்கிட்டேன்.

ஜூலை கடைசி வாரம் ஊர் எப்படி இருந்ததுன்னு நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. ஆடித் திருவாதிரை, ராஜேந்திரன் கடல் கடந்து போன ஆயிரமாவது வருஷம், பிரதமர் வருகை. ரோடு முழுக்க வாழைமரமும் போலீஸும். அந்த வாரத்துலதான், பின்னாடி இருக்கிற குட்டையில ஓடத்தை இறக்கிக் கட்டி வச்சேன். ஒரு சொட்டு உள்ளே வரலை. முதல் நாள் நான் அதுல உட்கார்ந்து எடுத்த போட்டோ இன்னும் இருக்கு, டெலீட் பண்ண மனசு வரலை.

மூணாம் நாள் காலையில பார்த்தா ஓடம் பாதி முங்கிக் கிடந்தது. இடப்பக்கம் மூணாவது பலகை, ஆணி வரிசையை ஒட்டியே, அஞ்சு அடி நீளத்துக்குப் பிளந்திருந்தது. இன்னும் ரெண்டு பலகை விலாக்கட்டையை விட்டு வெளியே தள்ளிக்கிட்டு, ஆணித்தலை துருத்திக்கிட்டு நின்னுச்சு. பிளக்காம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், என் புட்டி.

காரணம் நமக்குப் பாடத்துலயே இருக்கு. மரம் தண்ணி குடிச்சா குறுக்குவாட்டுல பெருக்கும். நீளவாட்டுல அநேகமா ஒண்ணுமில்லை. காஞ்சு கிடந்த மரம் முழுசா ஊறும்போது குறுக்கே மூணு சதவீதம்னு குறைச்சலாவே வச்சுக்குங்க. எட்டு இன்ச் பலகை, 200 மில்லிமீட்டர். ஒரு பலகைக்கு 6 மில்லிமீட்டர். ஆறு பலகைக்கு 36. அந்த 36 மில்லிமீட்டர் போறதுக்கு இருந்த இடத்தை எல்லாம் நான் கல்லு மாதிரி அடைச்சு வச்சிருந்தேன். கிளிங்கர்ல ஒரு பலகை இன்னொண்ணு மேல ஏறி நிக்கிறதால, பெருத்தாலும் பக்கத்துப் பலகை விளிம்பை நெட்டித் தள்ளாது. எங்க ஓடத்துல தள்ளுறதுக்கு வேற வழியே இல்லை. அந்த இடைவெளி டிஃபெக்ட் இல்லை, காய்ஞ்ச மரம் திரும்பப் பெருக்கத் தேவைப்பட்ட இடம். தெர்மல் எக்ஸ்பான்ஷனுக்குத் தண்டவாளத்துல விடுற கேப்பைப் பத்தி ரெண்டு மார்க் கேள்விக்கு எத்தனை தடவை எழுதியிருக்கேன்!

அப்பா திட்டினார். தாத்தா திட்டலை, அதுதான் தாங்கலை. குட்டைக் கரையில குந்தி, தண்ணிக்குள்ள கை விட்டு அந்தப் பிளவை முனையிலேருந்து முனை வரைக்கும் தடவினார். "மூச்சு விட எடம் குடுக்கலியேடா தம்பி." அவ்வளவுதான். அந்த இலுப்பையும் இப்ப இல்லை, அது நின்ன வரப்பும் இல்லை.

ரெண்டு வாரம் கழிச்சு அவரே போன் போட்டு ஒருத்தரை வரவழைச்சார். கொள்ளிடம் கடல்ல சேர்ற பழையாறு பக்கம் வேலை பார்த்த ஓடாவி, எழுபது வயசுக்கு மேல. படகு கட்டுற ஆசாரிக்கு ஓடாவின்னு பேருங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். புட்டியைப் பார்த்துட்டு, "இதை யாரு அடைச்சது? நல்லா படிச்ச புள்ளையா இருக்கும்" என்றார்.

அந்தப் புட்டியை எடுக்க எனக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு. சனி, ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்து, உளியும் ஆக்ஸா பிளேடும் வச்சு, மரத்துல படாம. அப்புறம் ஓடாவி தாத்தா செஞ்சது கலப்பத்து. பஞ்சைத் திரியா உருட்டி, இடுக்குல வச்சு, மழுங்கின உளியால தட்டித் தட்டி இறக்குறது. அது மேல குங்கிலியத்தைப் பொடி பண்ணி எண்ணெயில காய்ச்சிப் பூசுறது. கப்பல்காரன் வார்த்தை அது. போர்ச்சுகீசியத்துலயும் அரபியிலயும் இந்த வேலைக்கு ஏறக்குறைய இதே ஒலியில வார்த்தை இருக்கு. நான் வேகமா அடிச்சா கையைப் பிடிச்சுக்குவார். "இறுக்காத. தண்ணி வந்து இறுக்கும்." பஞ்சு நசுங்கும், மரத்துக்கு வழி விடும். எபாக்சி விடாது.

கடாரம் வென்ற கதையைக் கல்லுல வெட்டினவங்க, அந்தக் கப்பலோட இடுக்குல என்ன வச்சு அடைச்சாங்கன்னு ஒரு வரி எழுதலை. ஆயிரம் வருஷத்துல அதுல ஒரு பலகையும் நமக்குக் கிடைக்கலை. கோயிலைச் சுத்தி வரும்போது இப்ப எனக்கு அதுதான் உறுத்துது.

பிளந்த பலகையில அஞ்சரை அடியை அறுத்தெடுத்துட்டு வேம்பு வச்சுச் சேர்த்தோம். நெறம் ஒட்டலை, தனியாத் தெரியுது. பெயின்ட் வேண்டாம்னுட்டார் தாத்தா. பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி, தினம் ரெண்டு வேளை தண்ணி தெளிச்சாங்க அம்மா. வறட்டி தட்ட இடம் போச்சேன்னு புலம்பிக்கிட்டே.

நவம்பர் மழைக்குப் பொன்னேரியில தண்ணி வந்தது. ராஜேந்திரன் வெட்டின சோழகங்கம்தான் அது. டிராக்டர்ல ஏத்தி, ஆளுங்க இல்லாத பக்கமா இறக்கினோம். இந்தத் தடவை தண்ணி உள்ளே வந்தது. முதல் ஒரு மணி நேரத்துல நாலு குடம் இருக்கும். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஓடாவி தாத்தா கரையில பீடி பத்த வச்சுக்கிட்டு, "வரட்டும், வரட்டும்" என்றார். மறுநாள் காலையில ரெண்டு குடம்.

மறுநாள்தான் தாத்தா ஏறினார். நான் கழியை எடுத்தேன், பிடுங்கிக்கிட்டார். ஊன்றித் தள்ளினதும் ஓடம் நேராப் போச்சு. வீட்டுல சுவரைப் பிடிச்சு நடக்கிறவர் அதுல நின்னுக்கிட்டுப் போனார். நடு ஏரிக்கு வந்ததும் உட்கார்ந்து, கீழே பலகையில உள்ளங்கையை வச்சுப் பார்த்தார். வேம்பு சேர்த்த இடத்துலேருந்து நூல் மாதிரி தண்ணி வந்துக்கிட்டு இருந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"என்ன தாத்தா?"

"ஒண்ணுமில்ல. அந்த டப்பாவை எடு, மொண்டு ஊத்து."